தடக்... தடக்... சத்தம் எங்கே போயிற்று?

படப்பையில் ரெயில் நிலையம் கிடையாது. ஆனால் ரெயில் ஓடாவிட்டால் படப்பையில் பல வீடுகளில் அடுப்பு எரியாது.

விடிந்தால் போதும். கையில் சாப்பாட்டு டப்பாவோடு பஸ்சுக்கு நிற்பார்கள். முடிச்சூர் வழியாகத் தாம்பரம் போவார்கள். அங்கே மின்சார ரெயிலைப் பிடிப்பார்கள். ஒருவர் கிண்டிக்குப் போவார். ஒருவர் மாம்பலத்துக்குப் போவார். இன்னொருவர் கடற்கரை வரை போவார். மாலையில் அதே ரெயில். அதே பஸ். இரவு வீடு.

ஒரு மே மாதக் காலையில் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகப் போனேன். எதிர் இருக்கையில் ஒரு பாட்டியும் பேரனும் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டி வெளியே பார்த்தபடி சொன்னார்:

"உன் வயசில நான் இந்த ரெயில்ல வரும்போது தடக் தடக்குன்னு சத்தம் வரும். அதைக் கேட்டுக்கிட்டே தூங்கிடுவேன்."

"இப்ப வரலியே, ஆயா! அந்தச் சத்தம் எங்கே போச்சு?"

பாட்டி சிரித்தார். "எனக்கு என்ன கண்ணு தெரியும்? ரெயில்காரங்களைத்தான் கேக்கணும்" என்றார்.

பையன் கேட்டது நல்ல கேள்வி. அந்தச் சத்தம் தானாகப் போகவில்லை. அதைப் போக்கினார்கள். போக்கிய பிறகு அது திரும்பி வராமலும், அதைவிடப் பெரிய ஆபத்து வராமலும் இரவு பகலாகக் காவல் காக்கிறார்கள். அந்தக் கதைதான் இது.

சத்தம் வந்தது ஏன்?

இரும்பு வெயிலில் நீளும். குளிரில் சுருங்கும். இது கிராமத்தில் வண்டி செய்கிற ஆசாரிக்கு நன்றாகத் தெரியும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பட்டாவைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறியதாகச் செய்வார்கள். நெருப்பில் போட்டுப் பழுக்கக் காய்ச்சுவார்கள். பட்டா விரியும். சக்கரத்தில் மாட்டித் தண்ணீரை ஊற்றுவார்கள். பட்டா சுருங்கி மரத்தை "கப்"பென்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் எத்தனை மூட்டை ஏற்றினாலும் கழன்று விழாது.

தண்டவாளமும் அதே எஃகுதான். அகலப் பாதைக்கு வழக்கமான தண்டவாளத்தின் நீளம் 13 மீட்டர். காலைக்கும் மதியத்துக்கும், குளிர்காலத்துக்கும் கோடைக்கும் தண்டவாளத்தின் வெப்பம் 40 டிகிரி மாறினால் அது 6 மில்லி மீட்டர் நீளும்.

6 மில்லி மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். தண்டவாளங்களை முட்ட முட்ட வைத்துவிட்டால் நீளுவதற்கு இடம் இருக்காது. அதனால் அந்தக் காலத்தில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டார்கள். இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து, போல்ட்டு போட்டு முடுக்கினார்கள். அந்தப் பட்டைக்கு "பிஷ் பிளேட்" என்று பெயர்.

அந்த இடைவெளியில் சக்கரம் இறங்கி ஏறியது. அதுதான் தடக்! அடுத்த சக்கரம் வந்தது. மறுபடியும் தடக்!

தாலாட்டு அல்ல, சம்மட்டி அடி!

பயணிக்கு அந்தச் சத்தம் தாலாட்டு. தண்டவாளத்துக்கு அது சம்மட்டி அடி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 மீட்டருக்கு ஓர் இணைப்பு என்றால், 1 கிலோ மீட்டரில் ஒரு பக்கத்துத் தண்டவாளத்தில் மட்டும் சுமார் 77 இணைப்பு. இரண்டு பக்கமும் சேர்த்தால் 154. ஒவ்வொரு ரெயிலின் ஒவ்வொரு சக்கரமும் அத்தனை இடத்திலும் ஓங்கி அடித்துவிட்டுப் போகும். தண்டவாளத்தின் முனை நசுங்கும். போல்ட்டு ஓட்டையில் கீறல் விழும். கீழே உள்ள கட்டை அமுங்கும். ஜல்லி நகரும். வண்டிச் சக்கரமும் தேயும்.

தாம்பரம் பாதை பழைய பாதை. சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது 1931-ம் ஆண்டில். இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய முதல் மின்சார ரெயில் அதுதான். அந்தப் பாதையின் அகலம் 1 மீட்டர். 2004-ம் ஆண்டில் அந்த மீட்டர் கேஜ் ரெயில் விடைபெற்றது. இப்போது ஓடுவது 1,676 மில்லி மீட்டர் அகலமான பாதையில்.

ரெயில்கள் பெருகின. வேகம் கூடியது. இணைப்புகள் தாங்குமா? தாங்காது. அதனால் இணைப்பையே ஒழித்துவிடலாம் என்று என்ஜினீயர்கள் முடிவு செய்தார்கள். தண்டவாளங்களை ஒன்றோடு ஒன்று பற்றவைத்து, ஒரே நீளத் தண்டவாளமாக ஆக்கினார்கள். இது நம் நாட்டில் மட்டும் அல்ல. 1964-ம் ஆண்டில் ஜப்பானில் ஓடத் தொடங்கிய புகழ்பெற்ற அதிவேக ரெயிலும் இப்படிப் பற்றவைத்த தண்டவாளத்தில்தான் ஓடியது.

நெருப்புக் குழம்பு

பற்றவைப்பதில் இரண்டு முறைகள் முக்கியமானவை.

ஒன்று, தொழிற்சாலையில் நடப்பது. இரண்டு தண்டவாளங்களின் முனைகளை நெருக்கி வைத்து மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள். பொறி பறக்கிறது. முனைகள் இளகுகின்றன. உடனே ஒன்றோடு ஒன்று அழுத்துகிறார்கள். ஒட்டிக்கொள்கின்றன. 13 மீட்டர் தண்டவாளங்கள் 20 சேர்ந்தால் 260 மீட்டர்! நம் நாட்டுத் தண்டவாளங்களின் தாய்வீடு சத்தீஷ்கார் மாநிலத்தில் உள்ள பிலாய் உருக்காலை. பற்றவைக்காமல் ஒரே துண்டாகவே 130 மீட்டர் நீளத்துக்குத் தண்டவாளம் உருட்டும் ஆலையும் அங்கே வந்துவிட்டது.

இவ்வளவு நீளத்தை எப்படிக் கொண்டுவருகிறார்கள்? தனி ரெயிலில்தான். ரெயில் வளைவில் திரும்பும்போது அதன் மேல் இருக்கும் தண்டவாளமும் மூங்கில் கழி போல வளைந்துகொடுக்கும். எஃகுதான் என்றாலும், நீளம் கூடினால் வளையும்.

இரண்டாவது முறை, பாதையிலேயே நடப்பது. இதைக் கண்டுபிடித்தவர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி. 1895-ம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1899-ல் எஸ்ஸன் நகரில் டிராம் தண்டவாளங்களை இந்த முறையில் ஒட்டினார்கள்.

செய்முறை இதுதான். இரண்டு முனைகளுக்கு நடுவே சுமார் 25 மில்லி மீட்டர் இடம் விடுகிறார்கள். சுற்றிலும் மணல் அச்சைப் பொருத்துகிறார்கள். முனைகளை முன்னதாகவே சூடாக்குகிறார்கள். மேலே ஒரு மூசை. அதில் அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்த கலவை. திரி வைத்ததும் கலவை தானே கொதிக்கிறது. வெப்பம் 2,400 டிகிரிக்கு மேல் போகிறது. அலுமினியம் பிராண வாயுவைப் பிடுங்கிக்கொள்ள, இரும்பு உருகிக் குழம்பாக அச்சுக்குள் இறங்குகிறது. ஆறியதும் அச்சை உடைத்து, பிதுங்கியதை வெட்டி, சாணை பிடித்து வழவழப்பாக்குகிறார்கள்.

குழம்பு ஊற்றிக் குறைந்தது அரை மணி நேரம் ஆன பிறகே முதல் ரெயிலை விடலாம் என்பது விதி. அதோடு முடியவில்லை. வயிற்றுப் பிள்ளையை ஸ்கேன் செய்து பார்ப்பது போல, ஒட்டிய இடத்தையும் ஒலி அலை விட்டுச் சோதிக்கிறார்கள். உள்ளே மயிரிழைக் கீறல் இருந்தாலும் அது நாளைக்கு முறிவாக வளரும்.

வெயிலில் நீளாதா?

இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். "இடைவெளி விட்டது வெயிலில் நீளுவதற்காகத்தானே? இடைவெளியை ஒழித்துவிட்டால் தண்டவாளம் எங்கே போய் நீளும்?"

சரியான சந்தேகம். பிடிமானம் இல்லாமல் கிடந்தால், 1 கிலோ மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி வெப்பத்தில் 46 சென்டி மீட்டர் நீளும். அதாவது ஒன்றரை அடி. கடற்கரையில் இருந்து தாம்பரம் சுமார் 29 கிலோ மீட்டர். அவ்வளவு நீளத்துக்கும் கணக்குப் போட்டால் 13 மீட்டர். ஒரு பஸ்சின் நீளத்தைவிட அதிகம்!

ஆனால் அப்படி நீளுவது இல்லை. ஏன்? நீளவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ளப் படப்பை பஸ்சில் ஏறினால் போதும். காலை 8 மணி பஸ். மூச்சுவிட இடம் இல்லை. நடுவில் நிற்பவர் நகர முடியுமா? முடியாது. முன்னால் இடிக்கிறார்கள். பின்னால் நெருக்குகிறார்கள். நசுங்குகிறார், ஆனால் நின்ற இடத்திலேயே நிற்கிறார். படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் மட்டும் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடுவார்கள்.

நீளத் தண்டவாளமும் இப்படித்தான். நடுப்பகுதி அசையாது. இரண்டு முனைகளிலும் உள்ள சிறு பகுதி மட்டும் நீண்டு சுருங்கும். அதை "மூச்சு விடும் பகுதி" என்கிறார்கள். அந்த முனையில் ஒரு விசேஷ இணைப்பு இருக்கும். கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள் போல, இரண்டு தண்டவாளங்கள் சரிவாக ஒன்றை ஒன்று உரசியபடி நகரும். சக்கரம் பள்ளத்தில் விழாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

8 யானை பலம்

நடுப்பகுதி அசையவில்லை. சரி. அந்த நெருக்கடி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. தண்டவாளத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

1 மீட்டருக்கு 60 கிலோ எடை உள்ள தண்டவாளம் இன்று முக்கியப் பாதைகளில் உள்ளது. அதில் 1 டிகிரி வெப்பம் கூடினால் சுமார் 1.9 டன் அழுத்தம் சேரும். 20 டிகிரி கூடினால் 38 டன். ஒரு யானை 4 டன், 5 டன் இருக்கும். அப்படியானால் சுமார் 8 யானைகள் சேர்ந்து ஒரு தண்டவாளத்தை நெருக்குகின்றன என்று அர்த்தம். பக்கத்துத் தண்டவாளத்தை இன்னொரு 8 யானைகள் நெருக்குகின்றன.

அதனால் எந்த வெப்பத்தில் தண்டவாளத்தை இறுக்கிக் கட்டுகிறோம் என்பது மிக முக்கியம். நல்ல குளிரில் கட்டினால், கோடையில் நெருக்கடி தாங்காமல் வளையும். கொளுத்தும் வெயிலில் கட்டினால், மார்கழி விடியற்காலையில் சுருங்க முயன்று "படார்" என்று முறியும். அதனால் அந்த வட்டாரத்தின் மிகக் குறைந்த வெப்பம், மிக அதிக வெப்பம் இரண்டையும் பார்த்து, நடுவை ஒட்டிய ஒரு வெப்பத்தைக் குறிக்கிறார்கள்.

40 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெப்பத்தில் தண்டவாளத்துக்கு நெருக்கமும் இல்லை, இழுப்பும் இல்லை. உச்சி வெயிலில் 60 டிகிரி ஆனால் 38 டன் நெருக்கம். குளிர்ந்த விடியலில் 20 டிகிரி ஆனால் 38 டன் இழுப்பு. இரண்டையும் தாங்கிக்கொள்ளும்.

இந்த வேலைக்குப் பாதையில் சிறிது நேரம் ரெயிலை நிறுத்துகிறார்கள். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப்புகளை எல்லாம் கழற்றுகிறார்கள். தண்டவாளத்தைத் தூக்கி உருளைகளின் மேல் வைக்கிறார்கள். மரச் சுத்தியால் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே போகிறார்கள். எங்கேனும் ஒட்டிக்கொண்டிருக்கும் இறுக்கம் தளர்ந்துவிடும். தண்டவாளத்தின் மேல் வெப்பமானியை ஒட்டிவைத்துப் பார்க்கிறார்கள். வெப்பம் போதவில்லையா? காத்திருக்க வேண்டியதில்லை. எந்திரத்தால் தண்டவாளத்தை இழுக்கிறார்கள். வெயில் செய்ய வேண்டிய வேலையை எந்திரம் செய்கிறது. பிறகு மறுபடியும் கிளிப் போட்டு, பற்றவைத்து முடிக்கிறார்கள்.

ஆசாரி பட்டாவைக் காய்ச்சிப் போட்டார். இவர்கள் தண்டவாளத்தை இழுத்துப் போடுகிறார்கள். சூத்திரம் ஒன்றுதான்.

ஜல்லிதான் காவல்காரன்

தண்டவாளத்தைப் பிடிப்பது கிளிப். நார்வே நாட்டு என்ஜினீயர் பாண்டே ரோல்ப்சன் 1957-ம் ஆண்டில் உருவாக்கிய வளைந்த எஃகுக் கிளிப்தான் இதற்கு வழிகாட்டி. அவர் பெயரைச் சுருக்கித்தான் "பாண்ட்ரோல்" என்று பெயர் வந்தது. இப்போது நம் பாதையில் உள்ள கிளிப் ஒவ்வொன்றும் 850 கிலோ முதல் 1,100 கிலோ வரை அழுத்திப் பிடிக்கும்.

கிளிப்பைப் பிடிப்பது சிமெண்டுக் கட்டை. ஒரு கட்டையின் எடை 260 கிலோவுக்கு மேல். 1 கிலோ மீட்டருக்கு 1,660 கட்டைகள் போடுவது உண்டு.

கட்டையைப் பிடிப்பது எது? ஜல்லி!

நாம் சர்வ சாதாரணமாக மிதித்துக்கொண்டு போகிறோமே, அந்தக் கருங்கல் ஜல்லிதான். கட்டைக்குக் கீழே ஜல்லி. இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஜல்லி. கட்டையின் தலைமாட்டில், பாதையின் இரண்டு ஓரங்களிலும் தோள் போலக் குவித்த ஜல்லி. கூரிய முனை உள்ள கற்கள் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு கட்டையை நகரவிடாமல் பிடிக்கின்றன. அந்தத் தோள் சரிந்துவிட்டால், யானை பலத்தோடு நெருக்கும் தண்டவாளம் பாம்பு போல் நெளிந்து பக்கத்தில் பாயும். கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும். எதிரே ரெயில் வந்தால் என்ன ஆகும்?

கற்பனை அல்ல. 1969-ம் ஆண்டு கோடையில் பிரிட்டனில் பற்றவைத்த தண்டவாளங்கள் வெயிலில் வளைந்து ரெயில்கள் தடம் புரண்டன. அனுபவத்தில் உலகம் கற்றுக்கொண்ட பாடம் இது: பற்றவைத்தால் மட்டும் போதாது, பராமரிக்க வேண்டும்.

ஆகவே கண்டிப்பான விதிகள் உண்டு. குறித்த வெப்பத்துக்கு மேல் 10 டிகிரி கூடிவிட்டால் ஜல்லியைக் கிளறும் வேலை செய்யக் கூடாது. கையால் வேலை செய்யும்போது தொடர்ச்சியாக 30 கட்டைகளின் இடைவெளிக்கு மேல் ஜல்லியைத் திறக்கக் கூடாது. அடுத்த 30-ஐத் தொடாமல் விட்டுவிட வேண்டும். 24 மணி நேரம் கழித்துத்தான் அதில் கை வைக்கலாம். வீட்டில் ஒரே நேரத்தில் எல்லாத் தூண்களையும் பிடுங்கினால் கூரை நிற்குமா? அதே கதைதான்.

ஒற்றை மனிதனின் நடை

இத்தனைக்கும் மேலே ஒரு மனிதர் இருக்கிறார். அவர் பெயர் "கீமேன்". அந்தக் காலத்தில் தண்டவாளத்தை இறுக்க இரும்பு ஆப்பு அடிப்பார்கள். அதற்குச் சாவி என்று பெயர். தளர்ந்த சாவியை அடித்து இறுக்கிக்கொண்டு போனவர் கீமேன். சாவி போய்க் கிளிப் வந்துவிட்டது. கீமேன் பெயர் மட்டும் போகவில்லை.

அன்றாடம் அவர் தம் எல்லை முழுவதும் நடக்கிறார். தோளில் சுத்தியும் ஸ்பேனரும். கையில் கொடி. கண் தண்டவாளத்தின் மேல். கழன்ற கிளிப்பை அடித்து ஏற்றுகிறார். கீறல் உண்டா, நெளிவு உண்டா, ஜல்லி குறைந்ததா என்று பார்க்கிறார். கோடையில் தண்டவாளத்தின் வெப்பம் குறித்த அளவைவிட 20 டிகிரி கூடினால், வெயில் ரோந்து தொடங்கிவிடும். நாம் மின்விசிறிக்கு அடியில் தேடி உட்காரும் நேரத்தில் அவர் கொதிக்கும் பாதையில் நடக்கிறார். சென்னை நகரம் 2003-ம் ஆண்டு மே மாதத்தில் 45 டிகிரி வெயிலைக் கண்டது. காற்றே அவ்வளவு சுட்டால், இரும்பு எவ்வளவு சுட்டிருக்கும்!

தண்டவாளம் முறிந்திருப்பதைக் கண்டால்? சிவப்புக் கொடியை நாட்டுவார். ரெயில் வரும் திசையில் ஓடுவார். 600 மீட்டர் தூரத்தில் தண்டவாளத்தின் மேல் ஒரு வெடி. 1,200 மீட்டர் தூரத்தில் 10 மீட்டர் இடைவெளியில் மூன்று வெடி. என்ஜின் சக்கரம் ஏறியதும் வெடிக்கும். டிரைவர் ரெயிலை நிறுத்துவார். உள்ளே உட்கார்ந்திருக்கும் நாம் "ஏன்தான் நிறுத்தினானோ?" என்று முணுமுணுப்போம்!

சத்தம் போனது யாருக்கு நல்லது?

இங்கே ஒரு வேதனையும் இருக்கிறது.

தடக் தடக் சத்தம் போனது நமக்குச் சுகம். பாதையில் குனிந்து வேலை செய்கிறவருக்கு? முன்பெல்லாம் தூரத்தில் வரும்போதே ரெயில் சத்தம் போட்டுக்கொண்டு வரும். இப்போது மின்சார ரெயில், வழவழப்பான தண்டவாளம். மெல்ல வந்து பக்கத்தில் நின்றுவிடும். பல பாதைகள் உள்ள இடத்தில் ஒரு ரெயிலுக்கு ஒதுங்கி நிற்பவரை மறு ரெயில் அடித்துவிடுவது உண்டு. பாதையைக் காக்கப் போனவர்கள் பாதையிலேயே உயிரை விட்டிருக்கிறார்கள். இந்த வேலையில் இன்று பெண்களும் இருக்கிறார்கள். காலையில் போனவர் மாலையில் வர வேண்டுமே என்று அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் காத்திருக்கின்றன.

நாம் செய்ய வேண்டியது

பயணி செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. பாலம் ஏறச் சோம்பல்பட்டு ஜல்லி மேட்டில் ஏறி இறங்கிக் குறுக்கே போகிறோம். நம் உயிருக்கு ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று. தினமும் ஆயிரம் கால்கள் மிதித்தால் ஜல்லித் தோள் சரிந்துவிடும். ஆளும் ஆடுமாடும் குறுக்கே நடக்கும் இடங்களில் ஜல்லி சரியாமல் இருக்கச் சிறு சுவர் கட்டலாம் என்று ரெயில்வே விதியே சொல்கிறது. அவ்வளவு முக்கியம் அது. குப்பையைக் கொட்டினாலும் கேடுதான். ஜல்லிக்கு நடுவே மண்ணும் அழுக்கும் அடைத்தால் மழைத் தண்ணீர் வடியாது. கல்லின் பிடி தளரும்.

அன்று தாம்பரத்தில் இருந்து புறப்பட்ட ரெயில் ஓடிக்கொண்டிருந்தது. நிலையங்களுக்குப் பக்கத்தில் பாதை பிரியும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கடகடவென்றது. மற்றபடி சத்தம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, பக்கத்துப் பாதையின் ஓரமாக ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒருவர் சுத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

பையன் கையை ஆட்டினான். அவரும் ஆட்டினார்.

"யாரு கண்ணு அது?" என்று பாட்டி கேட்டார்.

"தெரியல, ஆயா."

எனக்குத் தெரியும். சத்தத்தை எடுத்துக்கொண்டு, தூக்கத்தை நமக்குக் கொடுத்தவர் அவர்தான். அடுத்த முறை ரெயிலில் போகும்போது அவரைப் பார்த்தால் நீங்களும் கையை ஆட்டுங்கள்.